ஞானத்தாயின் வயிறு

தோனா நசில்டா காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கிவிடுவார். ஆற்றில் மிதக்கும் கடை ஒன்று, அதை மிதவை என்போம்; அதன் கிழக்குப் பக்கத்தில், நீருக்குள் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பலகைத் தளம் கயிறுகளில் தொங்குகிறது. அதன்மேல் நின்றுகொண்டு, துடுப்பின் தட்டைப் பக்கத்தால் தண்ணீரை மூன்று முறை அடிப்பார். மூன்றுதான். அதற்கு மேல் அடித்தால் டால்பின்கள் முட்டிமோதிக்கொண்டு வரும் என்பார். சற்று நேரத்தில் புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் கேட்கும். அதன் பிறகு இளஞ்சிவப்பாக ஒரு முதுகு தெரியும்.

எங்கள் சாந்து அந்தேரோவில் ஆற்றுத் தண்ணீர் கடுந்தேநீர் நிறம். கையை முழங்கை வரை விட்டால் விரல்கள் தெரியாது. அப்படியிருந்தும் மனௌஸ் நகரத்திலிருந்து படகு படகாக ஆட்கள் வந்து இங்கே டால்பின்களோடு நீந்திவிட்டுப் போகிறார்கள் என்றால் அதற்கு நசில்டாதான் காரணம். இந்த வருடம் ஜூன் மாதம் அந்தப் பலகைத் தளமே அவர் காலடியிலிருந்து போகப் பார்த்தது. அது எப்படி என்று எங்கள் பள்ளியின் கீழ் வகுப்புப் பிள்ளைகள் படிப்பதற்காக எழுதுகிறேன்.

நசில்டா பிறந்தது மேல் ஆற்றில், துடைப்ப நார் வெட்டும் குடும்பத்தில். பன்னிரண்டு வயதில் வீட்டு வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தார். பத்தொன்பது வயதில் செயு ஒசிமாரின் மிதக்கும் சாப்பாட்டுக் கடையில் மீன் சுத்தம் செய்யச் சேர்ந்தார். ஆற்றின் மேலேயே வேலை, ஆனால் அவருக்கு நீந்தத் தெரியாது. அவருடைய அம்மா பெண்பிள்ளைகளை ஆழத்தில் இறங்க விட்டதில்லை. ஒரு நாள் மீன் குடலை ஆற்றில் எறியும்போது கால் வழுக்கி விழுந்துவிட்டார். டால்பின் ஒன்று அவரை முதுகில் தாங்கிக் கரை சேர்த்தது என்று ஊரில் சொல்வார்கள். அவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

"கரை சேர்த்துச்சாம்! என் கையில இருந்த மீனைப் பிடுங்கிட்டுப் போச்சு, அவ்வளவுதான். என்னைத் தூக்கினது செயு ஒசிமாரோட கொக்கிக் கம்பு. கவுன்ல மாட்டி இழுத்தாரு. கவுன் கிழிஞ்சதுதான் மிச்சம். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு வாங்கித் தந்தாரா கேளு."

அடுத்த வாரமே அவர் நீந்தக் கற்றுக்கொண்டார். மீனைப் பிடுங்கிய டால்பினும் தினம் வரத் தொடங்கியது. அதன் பின்னால் மற்றவையும் வந்தன. சாப்பிட வந்தவர்கள் டால்பின் பார்க்க வந்தவர்களாக மாறினார்கள். சில வருடங்களில் செயு ஒசிமார் மேசைகளில் பாதியை எடுத்துவிட்டுப் பலகைத் தளத்தைத் தொங்கவிட்டார். அதில் நிற்கும் வேலை நசில்டாவுக்கு. இப்போது அவருக்கு நாற்பத்துமூன்று வயது.

அவரோடு இறங்குபவர்கள் முதலில் உடம்பில் பூசிய வெயில் களிம்பையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு கைகளை நெஞ்சில் மடக்கிக்கொண்டு, காலை அசைக்காமல் மிதக்க வேண்டும். டால்பின் உரசினால் உரசட்டும், நாம் தொடக் கூடாது. மீன் கொடுப்பது நசில்டா மட்டும்தான். அதையும் தண்ணீருக்குள்ளே வைத்துத்தான் கொடுப்பார். ஒன்று வாங்கிப் போன பிறகு அடுத்தது. ஆற்று டால்பினுக்குக் கழுத்து திரும்பும். கடல் டால்பின் உடம்போடு சேர்ந்துதான் திரும்ப வேண்டும். எங்களுடையது உடம்பை நேரே வைத்துக்கொண்டு தலையை மட்டும் திருப்பி உங்களைப் பார்க்கும். வெள்ளக் காலத்தில் மரங்களுக்கு நடுவே நீந்துவதற்கு அந்தக் கழுத்து வேண்டும். பற்களும் இரண்டு விதம். முன்னால் இருப்பவை பிடிக்க, பின்னால் இருப்பவை அரைக்க. ஓட்டோடு நண்டைத் தின்னும்.

இதெல்லாம் நசில்டாவுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அது எங்கள் யாருக்குமே தெரியாது.

எங்கள் ஊரில் சிவப்பு டால்பின் என்றால் பெண், சாம்பல் நிறம் என்றால் ஆண். யார் சொன்னது என்று கேட்டால் பதில் கிடையாது. சேவல் கூவும், கோழி கொக்கரிக்கும் என்பது போல அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மிதவைக்கு வரும் ஒன்பதில் ஏழு நல்ல சிவப்பு. ஆகவே ஏழுக்கும் பெண் பெயர். வெள்ளக் காட்டுக்குள் வலை கட்டப் போகும் மீனவர்கள் சின்னச் சாம்பல் டால்பின்கள் குட்டியோடு திரிவதைப் பார்ப்பார்கள். ஆக, குட்டியைக் கவனிப்பது அப்பன். ஊர்ப் பெண்களுக்கு இது பெரிய ஆயுதம்.

"பாரு, டால்பின் ஆம்பள கூடப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அலையறான். நீ என்னடான்னா ஊஞ்சல் படுக்கையை விட்டு எந்திரிக்க மாட்டேங்கற" என்று ஆல்தெனோரின் மனைவி அவரைத் திட்டுவது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். ஆல்தெனோர் மீனவர். டால்பின்களால் அவருடைய வலை வருடத்துக்கு இரண்டு முறையாவது கிழியும். இந்தத் திட்டும் சேர்ந்துகொள்ளும்.

ஒன்பதில் மிகப் பெரியது, மிகச் சிவப்பு, முதன்முதலில் நசில்டாவிடம் மீன் பிடுங்கியது. அதற்குப் பெயர் ஞானத்தாய். அந்தப் பெயர் புனித யோவான் திருநாளில் வந்தது. அன்று மாலை தெருவில் தீ மூட்டுவோம். இரண்டு பேர் தீயின் குறுக்கே கைகோத்து மூன்று முறை சுற்றி வந்தால் ஆயுளுக்கும் உறவு: பிள்ளையைக் காக்க ஏற்றுக்கொண்ட ஞானத்தாய், ஞானப்பிள்ளை, எது கேட்கிறார்களோ அது. ஆற்றைக் கண்டு பயந்து அழுத ஒரு பிள்ளைக்காக நசில்டா ஒரு வருடம் தன் துடுப்பை ஆற்றில் நனைத்துக் கொண்டுவந்தார். துடுப்பின் ஒரு முனை அவர் கையில், மறு முனை பிள்ளையின் கையில். டால்பினின் சார்பில் அவர் சுற்றினார். மறுநாள் அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கியது. அதன் பிறகு வருடாவருடம் இது நடந்தது. இன்றைக்கு ஊரில் முப்பத்தோரு பிள்ளைகளுக்கு அந்த டால்பின் ஞானத்தாய். நானும் அதில் ஒருவன். பிள்ளையின் ஞானத்தாய் என்றால் அப்பனுக்கும் உறவு. உறவுக்காரியை ஈட்டியால் குத்த முடியாது. ஆல்தெனோரின் மூத்த மகனுக்கும் அது ஞானத்தாய். வலை கிழிந்த அன்று ஆல்தெனோர் ஆற்றைப் பார்த்து வண்டி வண்டியாகத் திட்டுவார். அதோடு நிறுத்திக்கொள்வார்.

இந்த வருடம் மார்ச் மாதம் ஞானத்தாயின் வயிறு பெரிதாகத் தெரிந்தது. "குட்டி போடப் போறா" என்று நசில்டா சொன்னார். மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். செயு ஒசிமார் மூன்று மீட்டர் நீளத்துக்குத் துணிப் பதாகை அடித்து மிதவையில் கட்டினார்: ஜூனில் வாருங்கள், சிவப்பு டால்பின் குட்டியைப் பாருங்கள். ஜூன் இருபத்தைந்தாம் தேதிக்கு மனௌசிலிருந்து ஒரு படகு நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வருவதாகப் பதிவும் செய்துவிட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் எலோயிசா வந்தார். டால்பின்களை ஆராய்பவர். மிதவைகளுக்கு அனுமதி கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க அரசு அவரை அனுப்பியிருந்தது. நசில்டாவிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.

"தோனா நசில்டா, இங்க வர்ற ஒவ்வொரு டால்பினுக்கும் ஒரு வரி. என்ன அடையாளம், என்ன வடு, ஆணா பெண்ணா. ஜூன் ஒன்பதாம் தேதி வருவேன். நீங்க காட்டணும், நான் பாக்கணும்."

"தெரியலைன்னா?"

"தெரியாதவங்க தண்ணியில நிக்க முடியாது. பயிற்சி எடுத்தவங்க யாராவது மனௌஸ்லேருந்து வருவாங்க. விதி அப்படி."

நசில்டா சிரித்தார். "இருபத்துநாலு வருஷமா பாக்கறேன். இப்பவே எழுதிக்க. ஏழு பொண்ணு, ரெண்டு ஆணு."

எலோயிசா எழுதவில்லை. "வயித்தைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு படிவத்தின் பின்பக்கம் இரண்டு படம் வரைந்து கொடுத்தார். ஆணுக்கு வயிற்றின் அடியில் இரண்டு கீறல்கள், ஒன்றுக்கொன்று விலகி இருக்கும். பெண்ணுக்கு ஒரே நீளக் கீறல், அதன் இரு பக்கமும் பால் சுரக்கும் இடமாகச் சின்னக் கீறல்கள்.

வயிற்றைப் பார்ப்பது சுலபமில்லை. மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினால் டால்பின் செங்குத்தாக எழும்பும், வயிறு தெரியும். செயு ஒசிமாரும் அதைத்தான் சொன்னார். படம் எடுப்பவர்களுக்கும் அது பிடிக்கும். ஆனால் அப்படி எழும்பப் பழகிய டால்பின் மீனுக்கும் கைக்கும் வித்தியாசம் பார்க்காது. ஒன்று எழும்பும்போது மற்றது கடிக்கும். அந்தப் பழக்கத்தை விடவைக்க நசில்டாவுக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.

அதனால் வேறு வழி தேடினார். உச்சிப் பொழுதில் வெயில் நேராக விழும்போது எங்கள் தண்ணீரில் ஒரு முழம் வரை தெரியும், எல்லாம் செம்பு நிறத்தில். மதியப் படகு வருவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகம் தண்ணீருக்குள் இருக்கும்படி குப்புற மிதப்பார். ஒரு மீனை விரல்களிலிருந்து நழுவவிடுவார். ஆற்று டால்பினின் கன்னம் உப்பலாக இருக்கும். கீழே இருப்பதை அது மறைக்கும். அதனால் அடியில் விழும் மீனைத் தேட அது மல்லாந்து புரளும். மல்லாந்து நீந்துவதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம், விளையாட்டு என்று நினைத்திருந்தோம். அந்தப் புரளலுக்காகத்தான் நசில்டா காத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு டால்பின் புரண்டால் அதிகம். வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. சில நாள் இரண்டு மூன்றுதான் வந்தன.

அவருக்கு வேகமாக எழுத வராது. ஆணியைச் சுட்டு, பழைய தரைப் பலகை ஒன்றில் ஒன்பது முதுகுகளின் வெட்டுகளையும் வடுக்களையும் வரைந்து வைத்தார். ஒவ்வொன்றையும் பார்த்த பிறகு கீழே கோடு போட்டார். முதலில் பார்த்தவை சாம்பல் நிற இரண்டும். இரண்டுக்கும் விலகிய கீறல்கள், ஆண். அது சரிதான். அடுத்தது ரோசால்பா, நல்ல சிவப்பு. அதற்கும் விலகிய கீறல்கள். படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேனோ என்று மேலே வந்து மறுபடி பார்த்தார். அடுத்த சிவப்பும் அப்படியே. அதற்கடுத்ததும். மே மாதம் முடிவதற்குள் எட்டுக்குக் கோடு போட்டாகிவிட்டது. எட்டும் ஆண். ஞானத்தாய் மட்டும் மிச்சம்.

ஜூன் மூன்றாம் தேதி ஞானத்தாய் புரண்டது. ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இரண்டாவது முறை நசில்டாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

அவர் மேலே ஏறி வந்து பலகையில் உட்கார்ந்துகொண்டார். செயு ஒசிமார் வாசலிலிருந்து கேட்டார். "என்ன, எப்ப குட்டி போடுவாளாம்?"

"தெரியல" என்றார் நசில்டா. அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அன்று மத்தியானமே ஆல்தெனோரின் வீட்டுக்குப் போனார். "காட்டுக்குள்ள குட்டியோட திரியற சாம்பல் டால்பினை எனக்குக் காட்டு. வயித்தைப் பாக்கணும்."

"எதுக்கு? அவனையும் ஞானத்தகப்பன் ஆக்கப் போறியா? வேணாம்மா. எம் பொண்டாட்டிக்கு ஏற்கெனவே அவன்தான் உதாரண புருஷன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் ஓடத்தில் போனார்கள். மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும் இடத்துக்கு வந்ததும் ஆல்தெனோர் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டார். இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருந்தார்கள். பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று, பக்கத்தில் கை நீளத்துக்குக் குட்டி. நசில்டா தண்ணீரில் இறங்கவில்லை, மீனும் போடவில்லை. ஓடத்தின் விளிம்பில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். குட்டி பெரியதன் வயிற்றுக்கு அடியில் மூக்கை வைத்து முட்டியது. பெரியது மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து காட்டியது. குட்டி பால் குடித்தது.

ஆல்தெனோர் மடியிலிருந்த துடுப்பை ஓடத்துக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "அப்பன் பால் குடுக்க மாட்டான்."

"மாட்டான்."

"அப்போ இத்தனை வருஷமா எம் பொண்டாட்டி என்னை எதைக் காட்டித் திட்டினா?"

"வேற ஒரு பொம்பளையைக் காட்டி."

"நாசமாப் போச்சு" என்றார் ஆல்தெனோர். துடுப்பை எடுத்தவர் மறுபடி கேட்டார். "சிவப்பா இருக்கறதெல்லாம்?"

"ஆம்பளைங்க. ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக் கடிச்சிக்கறானுங்க. வடு ஆறினா சிவப்பாகுது. வயசாக வயசாக இன்னும் சிவப்பு. இந்தக் கடிக்குத் தப்பிக்கத்தான் இவ குட்டியைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்கா." வடு ஆறினால் சிவப்பாகும் என்பதை மட்டும் எலோயிசா முன்பே சொல்லியிருந்தார். மீதியை நசில்டா அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஒன்பதாம் தேதி உச்சிப் பொழுதில் எலோயிசா வந்தார். மிதவையில் செயு ஒசிமார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பதாகைக்குக் கீழே காபிச் சாடியோடு நின்றார். நசில்டா தளத்தில் நின்று மூன்று அடி அடித்தார். வந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"முதுகுல ரெண்டு வெட்டு, மூக்கு லேசா வலப்பக்கம் வளைஞ்சது. ஆண்."

"சரி."

"வால்ல ஓட்டை. வலைக் கயிறு அறுத்தது. ஆண்."

"சரி."

"இது ரோசால்பா. ஆண்."

செயு ஒசிமார் சிரித்தார். "என்ன நசில்டா, எல்லாம் ஆம்பளையாவே போகுது? இது என்ன, ராணுவ முகாமா?"

எலோயிசா நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நழுவும் மீனுக்குப் புரள அவை இதற்குள் பழகியிருந்தன; நசில்டா மீனை நழுவவிட, ஒவ்வொன்று புரளும்போதும் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்கு ஏழுதான் வந்திருந்தன. மற்ற இரண்டுக்கும் பலகையைக் காட்டி நசில்டா சொன்னதை எலோயிசா எழுதிக்கொண்டார். கடைசியாக ஞானத்தாய் வந்தது.

நசில்டா ஒரு முறை மேலே பதாகையைப் பார்த்தார். இந்தத் தளத்தை விட்டால் அவருக்கு இருப்பது மீன் குடல் தொட்டி மட்டும்தான்.

"முதுகு நெடுக வடு. இடது துடுப்புல நுனி இல்ல. ஆண்" என்றார்.

காபிச் சாடி மேசைமேல் கொஞ்சம் பலமாக உட்கார்ந்தது.

"ஞானத்தாயா?"

"ஆமா."

"கர்ப்பம்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன் செயு ஒசிமார். தப்பாச் சொன்னேன். அது தின்னு தின்னு வந்த வயிறு."

எலோயிசா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, ஆண்தான் என்றார். செயு ஒசிமார் காது கொடுக்கவில்லை. பதாகையை ஆட்டிக் காட்டினார். "இருபத்தஞ்சாம் தேதி பிள்ளைங்க வருது. குட்டி எங்கன்னு கேட்டா நான் எதைக் காட்டறது, என் வயித்தையா?"

"நான் சொல்லிக்கறேன் அவங்ககிட்ட."

"சொல்ல வேணாம். நீயும் ஆல்தெனோரும் காட்டுல ஒரு குட்டியைப் பாத்தீங்கன்னு ஊரே பேசுது. அங்க கூட்டிட்டுப் போ. ரெண்டு படகு, மோட்டார் போட்டு. முடிஞ்சுது."

"மோட்டார் சத்தம் கேட்டா அவ இடம் மாறிடுவா. குட்டி பின்தங்கிப் போகும். நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

எலோயிசா படிவத்தை மடித்து ஈரம் படாத பையில் வைத்தார். முடிவு இரண்டு வாரத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். படகு திரும்பியதும் செயு ஒசிமார் பேசினார்.

"நாளையிலேருந்து நீ தண்ணியில இறங்க வேணாம். அடுப்படிக்குப் போ. துடுப்பை அங்க வச்சிட்டுப் போ."

நசில்டா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான்கு நாட்கள் மரவள்ளி அடை சுட்டு, உள்ளே வெண்ணெயும் பனம்பழச் சீவலும் வைத்துக் கொடுத்தார். அடுப்பு ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. மூச்சுவிடும் சத்தத்தை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்வார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

தளத்தில் செயு ஒசிமாரே நின்றார். அவரும் ஆற்றில் பிறந்தவர்தான். முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் பெரிய குழு. துடுப்பால் ஏழெட்டு முறை அடித்தார். ஒரே நேரத்தில் ஐந்து டால்பின்கள் வந்தன. படம் எடுக்க வசதியாக மீனைத் தலைக்கு மேல் தூக்கினார். ஒன்று எழும்பியது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த மீனைத் தூக்குவதற்குள் ஞானத்தாய் கீழிருந்து வந்து மீனோடு கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்தது.

"விடு! விடுடா! ஐயோ, விடு!"

நசில்டா அடுப்படியிலிருந்து கத்தினார். "இழுக்காதீங்க! கையைச் சும்மா வையுங்க, அதுவே விட்டுரும்!"

அவர் இழுத்தார். ஏழு தையல்.

மருத்துவமனைக்கு வெளியே ஆல்தெனோர் நின்றிருந்தார். "எது கடிச்சுது?" என்று கேட்டார். ஞானத்தாய் என்றார்கள். "பின்ன? ஆம்பளையைப் பிடிச்சுக் கர்ப்பிணின்னு மூணு மீட்டர் துணியில எழுதி வச்சா எவனுக்குத்தான் கோபம் வராது?" இந்தப் பேச்சு செயு ஒசிமார் கட்டோடு வெளியே வருவதற்குள் படித்துறை வரை போய்விட்டது.

அன்று மாலை அவர் நசில்டாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"காலையில ஆறு மணிக்கு" என்றார்.

"மூணு அடிதான் அடிப்பேன். மீனைத் தண்ணிக்கு மேல தூக்க மாட்டேன். காட்டுக்குள்ள யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"சரி, சரி."

"பதாகை?"

"எடுத்தாச்சு. மீன் மேசைக்கு விரிப்பா போட்டிருக்கேன்." கட்டு போட்ட விரலைப் பார்த்துக்கொண்டார். "வலிக்குது நசில்டா."

"வலிக்கும். அது நண்டு உடைக்கற பல்லு."

இருபத்தோராம் தேதி அனுமதிக் கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்கு. தண்ணீரில் நிற்பவர் என்ற இடத்தில் நசில்டாவின் முழுப் பெயர் இருந்தது. வேறொரு மிதவையில் பாதி ஆண், பாதி பெண் என்று சரிசமமாகப் பிரித்து எழுதிக் கொடுத்திருந்தார்களாம், அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லையாம். எலோயிசா பிறகு வந்தபோது சொன்னார்.

ஊரில் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. புனித யோவான் திருநாளன்று பொழுது சாயும்போது தீ மூட்டினோம். நசில்டா துடுப்பை நனைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எல்லாருக்கும் தெரியும். ஞானத்தாய்னு சொன்னது ஞானத்தகப்பன். நான் தெரியாம உங்க எல்லாரோடயும் தீயைச் சுத்தி வந்தேன். விருப்பம் இருக்கறவங்க வாங்க, இல்லைன்னா வேணாம்."

பிள்ளைகள் தங்கள் அம்மாக்களின் முகத்தைப் பார்த்தார்கள். ஆல்தெனோரின் மனைவி மெதுவாக, "சாம்பல் அப்பன்னு ஒருத்தன் இல்லவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் ஆல்தெனோர். "இனிமே நீயே ஏதாவது யோசிச்சுத் திட்டு." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தன் எட்டு வயது இளைய மகள் தைனாவைத் தீயின் பக்கம் தள்ளினார். "போ, பிடி. தாயோ தகப்பனோ, நம்ம வலையைக் கிழிக்கறது அதுதானே. உறவா இருந்தாத்தான் எனக்குக் கொஞ்சம் பொறுமை வரும்."

தைனா துடுப்பின் மறு முனையைப் பிடித்தாள். மூன்று முறை சுற்றினார்கள். அதற்குப் பின் நான்கு பிள்ளைகள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது இன்றைக்கும் ஞானத்தாய்தான்.

இருபத்தைந்தாம் தேதி மனௌசுப் பிள்ளைகள் வந்தார்கள். களிம்பைக் கழுவி, கையை மடக்கி, வரிசையாக மிதவையின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். நசில்டா அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்: தான் சொன்னது தப்பு, இங்கே குட்டி இல்லை, வருவது ஒன்பதும் ஆண்கள், குட்டிகள் காட்டுக்குள் அம்மாக்களோடு இருக்கின்றன. ஒரு சிறுமியின் முகம் தொங்கிப்போயிற்று.

"அங்க போகலாமா?"

"போகக் கூடாது கண்ணு. ஒளிஞ்சிருக்கறவங்களைப் பாக்கப் போனா அவங்க எங்க போவாங்க? வா, இறங்கு. காலை ஆட்டாதே."

மூன்று அடி அடித்தார். ஞானத்தாய் வந்தது. அதன் வாயில் ஒரு பெரிய புல் கொத்து, வேரோடு. அதைத் தூக்கிக் காட்டியபடி சிறுமியைச் சுற்றி வந்து, தண்ணீரில் அறைந்தது, மறுபடி எடுத்துக்கொண்டது.

"எதுக்கு அது புல்லைத் தூக்கிட்டு வருது?" சிறுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பொண்ணுங்களுக்குக் காட்டறதுக்கு. ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான் எதையாவது தூக்கிட்டு வந்து காட்டுவாங்க."

"இங்கதான் பொண்ணே இல்லையே?"

"இல்ல" என்றார் நசில்டா, அடுத்த மீனைத் தண்ணீருக்குள் நீட்டியபடி. "இருபத்துநாலு வருஷமா எனக்கே தெரியல. அவனுக்கு யாரு சொல்றது?"